மரணச் செய்தி மட்டும்

தூத்துக்குடி
18 நவம்பர் 2024

மரியாயே வாழ்க.

அன்புள்ள அனுவுக்கு,

அக்கா ஆக்னஸ் எழுதுவது. உறையின் மேல் 'சகோதரி மரிய தியானா' என்று உன் மடத்துப் பெயரை ஒழுங்காக எழுதிவிட்டேன். உள்ளே நீ அனுஜாதான், மூக்கொழுக என் பின்னால் ஓடி வந்தவள்தான். கோபித்துக்கொள்ளாதே. இங்கே சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மலைக்குளிரில் கல்தரையில் முழந்தாள் போட்டால் வலிக்காமல் என்ன செய்யும்? கம்பளித் துணி ஒன்று வைத்திருக்கிறேன். மதர் சம்மதித்தால் காலில் சுற்றிக்கொள்.

பெவினுக்கு மாதப் பூசை முடிந்தது. கல்லறைத் திருநாளுக்குப் போய் மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு வந்தேன். உன் அத்தான் வரவில்லை. வள்ளத்தை விற்றுவிட்டோம். அவர் தம்பி பெவினை அலை அடித்துக்கொண்டு போன வள்ளம், அன்றைக்குச் சுக்கான் பிடித்ததும் அவர். மறுபடி அதில் எப்படி ஏறுவார்? மற்றபடி அவர் சுகம்.

நான் இப்போது மோசமான குடும்பத்தலைவி ஆகிவிட்டேன், தெரியுமா? குசினியில் தினமும் ஏதாவது ஒன்று தீர்ந்திருக்கும். ஒருநாள் சீரகம், ஒருநாள் புளி, ஒருநாள் தீப்பெட்டி. குழம்பை அடுப்பில் வைத்துவிட்டுத்தான் எனக்கு ஞாபகம் வரும். உடனே உன் அத்தான் காசிலிங்கம் அண்ணாச்சி கடைக்கு ஓட வேண்டும். அண்ணாச்சி என்னைப் பிடித்துக் கேட்டுவிட்டார். "ஏம்மா, மொத்தமா வாங்கிப் போட்டா என்ன? நித்தமும் ஒரு பொட்டலத்துக்கு அவர அலைய விடுதியளே" என்றார். "அவருக்கு நடந்தா நல்லது அண்ணாச்சி" என்று சொல்லிவைத்தேன். அங்கே உட்கார்ந்து ஒரு டீ குடித்து, நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறார். வரும்போது பொட்டலத்தைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு வருவார். அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது.

எங்களுக்காக வேண்டிக்கொள்.

உன் அக்கா
ஆக்னஸ்

*

மலை மடம்
8 டிசம்பர் 2024

பாசமுள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையில் நான் நலமாக இருக்கிறேன். கம்பளித் துணியைக் கட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பூசைக்கு அப்பம் சுடும் வேலையை இந்த வருஷம் எனக்குத் தந்திருக்கிறார்கள். வட்டமாக வெட்டியபின் மிஞ்சும் ஓரங்களை நாங்கள் தின்னலாம். முறுமுறுவென்று இருக்கும். இந்த மடத்தில் என் பெரிய சந்தோஷம் இப்போதைக்கு அதுதான், சிரிக்காதே.

அக்கா, அண்ணாச்சி கடையைப் பற்றி இவ்வளவு எழுதினாய். அத்தானைப் பற்றி 'அவர் சுகம்' என்பதோடு நிறுத்திக்கொண்டாய். அவர் தூங்குகிறாரா? சாப்பிடுகிறாரா? நான் இங்கே சேர வேண்டாம் என்று அப்பா கத்தினபோது, 'அவள் விருப்பம், போகட்டும்' என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். இந்தக் கடிதத்தை அவரிடம் கொடு. அவரே உனக்கு வாசித்துக் காட்டட்டும்.

உன் ஜெபத்தில் என்னையும் சேர்த்துக்கொள்.

உன் தங்கை
அனு

*

தூத்துக்குடி
11 ஜனவரி 2025

அன்புள்ள அனு,

புது வருஷம் உனக்கும் உன் மடத்தாருக்கும் நல்லதாக இருக்கட்டும். இங்கே எல்லோரும் சுகம். கிறிஸ்துமஸுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. பக்கத்து வீட்டு விஜிலா மக்ரூன் கொண்டுவந்து தந்தாள். அத்தான் ஒன்று தின்றார், முழுசாக. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம் என்றாலும் தப்பில்லை.

இன்னொன்றும் உண்டு. மீனுக்கு ஐஸ் போடுகிற தெர்மாகோல் பெட்டிகள் நாலைந்து சும்மா கிடந்தன. அவற்றை மாடிக்குக் கொண்டுபோய், ஏரலிலிருந்து ஆற்று வண்டல் வரவழைத்து நிரப்பித் தக்காளி நட்டிருக்கிறார். நம் கிணற்றுத் தண்ணீர் உப்பு, செடி கருகிவிடும் என்று குடிதண்ணீர்க் குடத்தையே மாடிக்குத் தூக்குகிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்போ குடிக்க என்ன செய்ய, தக்காளியவா பிழிஞ்சு குடிக்க?" என்றேன். "ஏளா, ஒரு செம்பு குறைச்சுக் குடி, செத்தா போயிருவ?" என்றார். சொன்னதும் குடத்தைக் கீழே வைத்தார். பிறகு அவர் சிரித்தார், அனு. பெவின் போனபிறகு முதல் சிரிப்பு. நான் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

மழையில் மரம் உப்பி எல்லாக் கதவும் மக்கர் பண்ணுகிறது. அறைகளின் உள்தாழ்ப்பாள்களை ஆசாரியைக் கூப்பிட்டுக் கழற்றிவிட்டேன்.

உன் கடிதத்தை அவர்தான் வாசித்தார். பிறகு தனியாகவும் எடுத்து வாசிக்கிறார். "அனு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்கிறார். பங்குச் சாமியார் சொல்லுக்குக்கூட இந்த வீட்டில் அந்த மதிப்பு கிடையாது. அதனால் அடிக்கடி எழுது. நிறைய எழுது.

ஆக்னஸ்

*

மலை மடம்
22 பிப்ரவரி 2025

பாசமுள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

உங்கள் சுகத்துக்காக நாள்தோறும் மன்றாடுகிறேன். தக்காளிச் செய்தியை மதருக்கே சொன்னேன். காய்த்துவிட்டதா?

சாம்பல் புதன் வருகிறது. அன்றிலிருந்து ஆண்டவர் உயிர்த்த பாஸ்கு நாள் வரை எங்களுக்குக் கடிதமும் இல்லை, போனும் இல்லை. அதற்குள் நீ எழுதினால், பிரிக்காமல் மதரின் மேசைக்குள் இருக்கும். மரணச் செய்தி மட்டும் உள்ளே வரும். அப்படி ஒன்று வராமல் மாதா காக்கட்டும்.

அத்தான், நீங்கள்தான் வாசிக்கிறீர்கள் என்று தெரிந்து இதை எழுதுகிறேன். இந்தத் தவக்காலத்தில் உங்களுக்குப் பிடித்ததை ஆண்டவருக்காக விட்டுக் கொடுத்துப் பாருங்கள். சின்னதாக இருந்தாலும் போதும். போன வருஷம் நான் சர்க்கரையை விட்டேன். விட விட மனசின் பாரம் இறங்குவது நன்றாகத் தெரிந்தது. உங்களுக்கும் இறங்கும். இது என் சொந்த அனுபவம்.

பாஸ்குவுக்குப் பிறகு நிறையப் பேசுவோம்.

உங்கள்
அனு

*

தூத்துக்குடி
14 மார்ச் 2025

அனு,

இந்தக் கடிதத்தை நீ இப்போது வாசிக்கப் போவதில்லை. அதனால்தான் உண்மையை எழுதக் கை வருகிறது. உன் சுகம் கேட்கவில்லை, பொறுத்துக்கொள்.

அத்தான் சுகமாக இல்லை. பெவினை அடக்கம் பண்ணின வாரமே, உடுத்த துணியோடு திரேஸ்புரம் கடலுக்குள் நடந்து போய்விட்டார். கழுத்தளவுத் தண்ணீரில் நின்றவரை அவர் கூட்டாளி ஜோன்ஸ் பார்த்து, தன் வள்ளத்தைத் திருப்பி இழுத்து வந்தான். "கேக்கவங்ககிட்ட, வலை அறுந்து போச்சு, அத எடுக்கப் போனாருன்னு சொல்லிட்டேன் மதினி. நீங்களும் அப்படியே சொல்லுங்க" என்றான். சொன்னேன். உனக்கும் அந்தப் பொய்யைச் சொல்ல மனம் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் தைரியம் வரவில்லை. 'அவர் சுகம்' என்று எழுதி எழுதி அனுப்பினேன். தாழ்ப்பாள் கழற்றினது மழையால் இல்லை.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். மிச்சத்தை நான் பார்த்துக்கொண்டேன். சீரகம் வாங்கப் போன மனுஷன் சீரகத்தோடு திரும்பி வந்தாக வேண்டும். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது என்று அவருக்குத் தெரியும். தினமும் ஒன்றைக் குறைத்து வைத்து, தினமும் அவரைத் திரும்பி வரவைத்தேன். பிறகு தக்காளி வந்தது. பூ விட்டிருக்கிறது என்று காலையில் என்னை எழுப்பிக் காட்டுவார். கரையேறிவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்போது உன் கடிதம் வந்தது. பிடித்ததை விடச் சொல்லியிருந்தாய்.

முதலில் டீயை விட்டார். பிறகு அண்ணாச்சி கடையில் உட்கார்ந்து பேசுவதை விட்டார். செடியில் காய் நிறம் மாறுகிற நேரத்தில் பெட்டிகளைத் தூக்கி விஜிலா வீட்டில் கொடுத்துவிட்டார். நேற்றுப் புளி இல்லை என்றேன். எழுந்திருக்கவில்லை. "கடைக்குப் போறதும் எனக்குப் பிடிச்சதுதாம்ளா. அதையும் விட்டுட்டேன்" என்றார். எவ்வளவு அமைதியாகச் சொன்னார் தெரியுமா? பாரம் இறங்குகிறது என்று வேறு சொல்லுகிறார். தெருவில் எல்லாரும், "ரெக்ஸைப் பாரு, என்ன பக்தி" என்று மெச்சிக்கொள்கிறார்கள். எனக்கு அவர்கள் வாயில் மண்ணை அள்ளிப் போட வேண்டும்போல இருக்கிறது.

உன்மேலும் கோபம்தான். உனக்குத் தெரியாமல் வைத்தது நான்தான் என்பதும் தெரியும்.

ஆக்னஸ்

*

தூத்துக்குடி
21 மார்ச் 2025

அனு,

இதுவும் மேசைக்குள் போகிற கடிதம்தான். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

மாத்திரையையும் விட்டுவிட்டார். நாக்குக்கு அடியில் வைத்திருந்து துப்பியிருக்கிறார். "பிடிச்சதத்தான விடணும்? மாத்திரை என்ன பிடிச்சதா?" என்று சண்டை போட்டேன். "அது இருந்தா வலி தெரிய மாட்டேங்கு. அதனால பிடிச்சதுதான்" என்றார். டாக்டரிடம் கூட்டிப் போக ஜோன்ஸ் ஆட்டோ கொண்டுவந்தான். ஏறவில்லை. நான் மட்டும் போய் டாக்டரைப் பார்த்தேன். தனியாக விடாதீர்கள், அவர் யார் பேச்சைக் கேட்பாரோ அவரைக் கொண்டு சொல்லவையுங்கள், சீக்கிரம் செய்யுங்கள் என்றார். பங்குச் சாமியாரை அழைத்து வந்தேன். "அனு சும்மா சொல்ல மாட்டா சாமி" என்று அவரையும் அனுப்பிவிட்டார்.

அப்போ யார் இருக்கிறார்கள்? உன் மடத்துக்குப் போன் பண்ணினேன். வெளிவாசல் சிஸ்டர் எடுத்தார். பாவம், நல்லவர். "வீட்டில் யாரும் இறந்துவிட்டார்களாம்மா?" என்று கேட்டார். "இல்லை சிஸ்டர்" என்றேன். "உங்கள் கணவர் இருக்கிறாரா?" "இருக்கிறார்." "ஆண்டவருக்குத் தோத்திரம். பாஸ்குவுக்குப் பிறகு பேசலாம்" என்றார். அவர் இருக்கிறார், ஆனால் இருக்கப் போவதில்லை என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். அத்தான் பக்கத்து அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அந்த வார்த்தை என் வாயிலிருந்து அவர் காதில் விழுந்துவிடும் என்று பயந்து போனை வைத்துவிட்டேன்.

ஒரு வரி போதும். 'அத்தான், போதும், நிறுத்துங்கள்' என்று உன் கையெழுத்தில் ஒரு வரி.

ஆக்னஸ்

*

தூத்துக்குடி
26 மார்ச் 2025

சங்கைக்குரிய மதர் அவர்களுக்கு,

பணிவான வணக்கம். தங்கள் மடத்துச் சகோதரி மரிய தியானாவின் அக்கா ஆக்னஸ் எழுதுவது. என் கணவர் ரெக்ஸ் இன்று இறந்துவிட்டார். இதை என் தங்கையிடம் தெரிவித்து, உடனே எனக்கு ஒரு கடிதம் எழுத அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். உள்ளே ஒட்டி வைத்திருக்கும் சிறிய உறையை அவள் கையில் கொடுக்கவும்.

தங்கள் ஜெபத்தை நாடும்
ஆக்னஸ்

*

(சிறிய உறைக்குள்)

அனு, பயப்படாதே. அவர் உயிரோடு இருக்கிறார். மதருக்கு எழுதினது பொய். சாவுக் கடிதத்துக்குச் செய்வதுபோல வெளி உறையின் மூலைகளில் கறுப்பு மை தடவி அனுப்புகிறேன். இந்தப் பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிப் பிறகு பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கொள்கிறேன். நேற்று அவர் தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்தார். அதுவும் பிடித்ததாம். இனி விட என்ன மிச்சம் இருக்கிறது? அவருக்கு நேராக எழுது. தவம் போதும், சாப்பிடுங்கள், மாத்திரை போடுங்கள், டாக்டரிடம் போங்கள் என்று எழுது. ஸ்பீட் போஸ்டில் அனுப்பு. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

அக்கா

*

மலை மடம்
30 மார்ச் 2025

என் அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாய் வரவில்லை. மதர் என்னை அழைத்துச் செய்தியைச் சொன்னார். நீ எனக்கு வைத்த சிறிய உறையைத் தரவில்லை. செய்தி மட்டும்தான் தரலாமாம், கடிதம் பாஸ்குவுக்குப் பிறகாம். நான் அழுததைப் பார்த்து, ஒரே ஒரு கடிதம் எழுத அனுமதித்தார். சகோதரிகள் எல்லோரும் சேர்ந்து அத்தானின் ஆத்துமாவுக்காக மரித்தோர் மன்றாட்டுப் பாடினோம். அவர் இப்போது பெவினோடு இருப்பார்.

எப்படி இறந்தார் என்று நீ எழுதவில்லை என்று மதர் சொன்னார். நீ எழுதாததிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது, அக்கா. நவம்பரிலிருந்து நீ எழுதாமல் விட்டதெல்லாம் இப்போது சேர்ந்து வந்து நிற்கிறது. தாழ்ப்பாள் என்று படித்தபோதே எனக்குத் திக்கென்றது. கேட்கப் பயந்து தவத்தைப் பற்றி எழுதினேன். துக்கத்தில் கிடந்த மனுஷனிடம் பிடித்ததை விடு என்று சொல்ல நான் யார்? மடத்துக் கம்பிக்குள் உட்கார்ந்துகொண்டு, வெளியே உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்குப் புத்தி சொன்னேன்.

நீ சாப்பிடு. ஜோன்ஸையும் விஜிலாவையும் வீட்டில் வந்து இருக்கச் சொல். அவர் சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடு. கொடியில் தொங்கினால் உன்னால் தாங்க முடியாது.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். அவர் இல்லாமல் நீ ஒரு நாள்கூட இருந்தவள் இல்லை. அவர் போன வழியில் நீயும் போகமாட்டேன் என்று எனக்குச் சத்தியம் பண்ணி எழுது. பாஸ்கு அன்று முதலில் அதைத்தான் பிரிப்பேன்.

உன் அனு

*

தூத்துக்குடி
3 ஏப்ரல் 2025

அன்புள்ள அனுவுக்கு,

உன் அத்தான் ரெக்ஸ் எழுதுவது. பயப்படாதே, பேய் இல்லை. உன் முழங்கால் சுகமா?

தபால்காரர் மாரிராஜ் ஸ்பீட் போஸ்ட் கொண்டுவந்தார். "அண்ணாச்சி, கையெழுத்துப் போடுங்க" என்றார். என் சாவுக்கு வந்த கடிதத்தை நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உன் கடிதத்தை எப்போதும் நான்தானே பிரிப்பேன், பிரித்தேன். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. திரும்ப வாசித்தேன். குசினிக்குப் போனேன். உன் அக்கா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா, நான் எப்போ செத்தேன்?" என்று கேட்டேன்.

தலை நிமிராமல், "போன வாரம், புதங்கிழம" என்றாள்.

"என்னத்துக்குளா இப்படி எழுதின?"

"நீங்க எப்படியும் என்னைய அந்தக் கடிதத்த எழுத வைக்கப் போறிய. உயிரோட இருக்கையிலயே எழுதினா ஏதும் பிரயோசனம் உண்டான்னு பாத்தேன்" என்றாள். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது, அனு. கல்யாணமான நாளிலிருந்து மீன்காரியிடம்கூடப் பொய் சொல்லி விலை குறைத்தவள் இல்லை. அவள் அந்த உறையின் மூலைக்கு மூலை கறுப்பு மை தடவிக்கொண்டு இந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். நான் அடுத்த அறையில்தான் படுத்திருந்தேன்.

வெளிவாசல் சிஸ்டருக்குப் போன் பண்ணினேன். "யார் பேசுகிறது?" என்றார். "இறந்துபோன ரெக்ஸ்" என்றேன். "யேசுவே" என்றார். பிறகு, மரணச் செய்தி மட்டும்தான் உள்ளே கொடுக்க முடியும் என்றார். "அந்தச் செய்தி பொய் என்பதும் மரணச் செய்தியில் சேர்ந்ததுதான் சிஸ்டர்" என்றேன். மதரிடம் கேட்கிறேன் என்றார். கேட்டிருப்பார். இல்லையென்றால் எனக்காகப் பாடினதோடு நீ பாஸ்கு வரை அழுதுகொண்டிருப்பாய். நீ சொன்ன தவத்தால் வந்தது என்றும் நினைக்காதே. நான் போகிற வழியைத் தேடிக்கொண்டிருந்தேன், உன் கடிதம் கையில் அகப்பட்டது, அவ்வளவுதான்.

அவர் இப்போது பெவினோடு இருப்பார் என்று எழுதியிருந்தாய். இத்தனை மாதமாக என் மனசுக்குள் ஓடினதும் அதுதான். அங்கே நானும் அவனும் இருப்போம், அதற்குமேல் நினைத்ததில்லை. நீ கண்டதோ இந்த வீட்டை. கொடியில் சட்டை தொங்குகிறது, உள்ளே ஆக்னஸ் தனியாக இருக்கிறாள். வாசிக்கும்போது எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார்மேல் என்று தெரியவில்லை. சட்டையை யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

கடைசியில் ஒரு சத்தியம் கேட்டிருந்தாய். அதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "அனு கேக்கா. நான் போயிட்டா நீ இருப்பியா? சொல்லு, எழுதணும்" என்றேன்.

அவள் உரித்த பூண்டை அள்ளிச் சட்டியில் போட்டாள். அடுப்பைப் பற்றவைத்தாள். மறுபடியும் கேட்டேன். "அத எழுதாதிய" என்றாள். அப்புறம் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெவின் அடக்கத்தன்றுகூட அவள் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. என் எதிரே அழாமல் இருந்திருக்கிறாள் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

நான் ஒருவன் போனால் ஒரு உயிர்தான் போகும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அது தப்பு.

இன்றைக்கு மாத்திரை போட்டேன். நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னாள், காட்டினேன். திங்கட்கிழமை ஜோன்ஸ் ஆட்டோவில் டாக்டரிடம் போகிறோம். மனசு நன்றாக இல்லை, அனு. கண் விழித்தால் பெவின் கையை நீட்டுகிறான், என்னால் சுக்கானை விட முடியவில்லை. அது போய்விடும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

ஆனால் உன் அக்கா அந்தச் சத்தியத்தைத் தரும்வரை நான் எங்கேயும் போக முடியாது. அவளை உனக்குத் தெரியும். தரமாட்டாள்.

இப்படிக்கு
ரெக்ஸ் அத்தான்